ஓரகத்தியின் ஏணி

பக்கவாதம் வந்து போனபோது கோகிலவாணியிடம் இருந்த வார்த்தைகளை எல்லாம் வாரிக்கொண்டு, போகிற போக்கில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அந்த ஒன்று ‘அதாவது’.

விட்டதுதான் விட்டது, ‘தண்ணி’, ‘வலிக்குது’, ‘ஃபேன் போடு’ என்று உபயோகமாக ஒன்றை விட்டிருக்கலாம். ‘அதாவது’ என்று ஒருவர் ஆரம்பித்தால் மரியாதைக்காகவாவது காத்திருக்க வேண்டியிருக்கிறது. சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நாற்காலி நுனிக்கு நகர்ந்து காத்திருந்தார்கள். இரண்டாவது ‘அதாவது’ வந்தது. மூன்றாவதும் வந்தது. பிறகு அவளுக்குக் காது கேட்கவில்லை என்று முடிவுகட்டிச் சத்தமாகப் பேசிப் பார்த்தார்கள். அதற்கும் பலனில்லை என்றதும், அவள் அந்த அறையிலேயே இல்லாதது போல அவள் கணவர் தங்கவேலிடம் விசாரித்தார்கள்.

“புத்தி தெளிவா இருக்குதுங்களா?”

புத்தி தெளிவாகத்தான் இருந்தது. கேட்பதெல்லாம் விளங்கியது. ‘சாப்பிட்டியா’ என்றால், இரண்டு இட்லி, சட்னியில் உப்பு கம்மி, தேங்காயும் பழசு என்று முழு அறிக்கையும் தலைக்குள் தயாராகிவிடும். வாய்க்கு வந்து சேரும்போது ‘அதாவது’ ஆகிவிடும். சாமி பாட்டு மட்டும் பிசகாமல் பாட வந்தது. ஒன்று, இரண்டு எண்ண வந்தது. கிழமைகளும் வந்தன, ஆனால் வரிசையாகத்தான் வரும். மருத்துவமனைக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று கேட்டால் அவள் ஞாயிற்றுக்கிழமையில் ஏறி, வியாழன் வந்ததும் கணவரின் கையை இறுகப் பிடித்து இறங்கிக்கொள்வாள். இதற்கு அஃபேசியா என்று பெயர் சொன்னார்கள். தன் நோயின் பெயரைக்கூடச் சொல்ல முடியாத நோய்.

எட்டு மாதம் இப்படிப் போன பிறகுதான் பேச்சுப் பயிற்சியாளர் பர்வீன் அந்தப் புதுச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னாள். இருபத்தெட்டு வயதுப் பெண். எதிரே இருப்பவர்களின் வயதைப் பார்த்துப் பயப்படாதவள்.

“வார்த்தை ஒண்ணும் தொலையலைங்க சார். எல்லாம் பரண் மேல பத்திரமா இருக்குது. ஏறி எடுக்கற ஏணிதான் ஒடஞ்சு போச்சு.”

“ஏணிய சரி பண்ண முடியாதுங்களா அம்மிணி?” என்றார் தங்கவேல். அவரும் தம்பி மோகனும் சேர்ந்து மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார்கள். உடைந்தது எதுவானாலும் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி.

“அவங்களேதான் ஒவ்வொரு படியா கட்டோணும். கட்டறதுக்குப் பழகோணும், பழகறதுக்குப் பேசோணும், பேசறதுக்கு ஏணி வேணும். அதனால அது வரைக்கும் இன்னொருத்தரோட ஏணிய இரவல் வாங்கறோம். ரெண்டு பேருக்கும் காதுக்குப் பின்னால ஒரு பொத்தான். தொண்ணூறு நாள். ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்.”

“இரவல் குடுத்தவங்களுக்கு?”

“இவங்க பேசற நிமிசம் அவங்களுக்கு வார்த்தை வராது. இவங்க நிறுத்தினா ஏணி திரும்பிப் போயிரும். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் ஏற முடியும். இன்னொண்ணு, ஏணி அவங்க பரண்லதான் சாயும். அதனால இவங்க கைக்கு வர்றது அவங்க வீட்டுச் சாமானாத்தான் இருக்கும்.”

யாருடைய ஏணி வேண்டுமானாலும் பொருந்திவிடாதாம். சிறுநீரகம் போல இதற்கும் பொருத்தம் பார்க்க வேண்டும், எழுபது சதவீதமாவது தேற வேண்டும். தங்கவேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போய் முதலில் படுத்தார். பதினொன்று வந்தது.

“முப்பத்தஞ்சு வருசமா நான் அவகூடத்தானுங்களே இருக்கறேன்.”

“இருந்திருக்கீங்க சார். அம்மா பேசறப்பல்லாம் தலையும் ஆட்டிருக்கீங்க. மூளைதான் கேக்கலை.”

தங்கவேல் தலையாட்டினார்.

நெதர்லாந்திலிருந்த மகளுக்கு அங்கேயே பார்த்து அனுப்பினார்கள். நாற்பத்து மூன்று. வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பர்வீன் கேட்டாள். தங்கவேல் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டாள்.

“மாடியில தம்பி சம்சாரம் இருக்குதுங்க, ஹேமலதான்னு. ஆனா ரெண்டு பேருக்கும் பதினோரு வருசமா பேச்சு கெடையாதுங்க.”

“ஒரு வார்த்தைகூடவா?”

“நேரா கெடையாதுங்க. துடைப்பான்கிட்ட சொல்லுவாங்க.”

துடைப்பான் என்பது அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வாங்கிய தரை துடைக்கும் எந்திரம். ஒற்றைப்படைத் தேதிகளில் கீழ்வீட்டில் ஓடும், இரட்டைப்படைத் தேதிகளில் மாடியில். ஓரகத்திகள் இருவரும் அதற்கு முன்னால் கொடிக்கயிற்றிடமும் தண்ணீர்த் தொட்டியிடமும் பேசிக்கொண்டிருந்தார்கள். துடைப்பான் வந்தபிறகு வசதியாகிவிட்டது, அது பதிலும் சொன்னது. “ஏப்பா துடைப்பான், சில வீட்டுல தாளிச்சா தெருவுக்கே தும்மல் வருது. அவிங்க மூக்கு மட்டும் எப்படித்தான் செஞ்சிருக்குதோ” என்று கோகிலவாணி மாடிப்படிக்குக் கேட்கும்படி சொல்வாள். “மூக்கு என்ற அறை வரைபடத்தில் இல்லை” என்று துடைப்பான் வருத்தம் தெரிவிக்கும். மேலேயிருந்து, “மூக்கு இருக்குறவிங்களுக்குத்தான் நாக்கும் நீளமா இருக்குது துடைப்பான்” என்று பதில் இறங்கி வரும். இதை ஜாடைப் பேச்சு என்பார்கள். இரண்டு பேரும் அதில் தேர்ந்தவர்கள்.

ஹேமலதாவுக்குப் பார்த்ததில் தொண்ணூற்று நான்கு வந்தது. எந்திரத்தில் கோளாறு என்று பர்வீன் இன்னொரு முறை பார்த்தாள். தொண்ணூற்று நான்கே வந்தது.

“இப்பத்தான் புரியுது” என்றாள். “நேரா பேசினா மூளைக்கு வேலை கம்மிங்க. இவங்க ஒண்ணச் சொல்லி இன்னொண்ண நெனைப்பாங்க. அவங்க அதைக் கேட்டு உள்ள என்ன இருக்குதுன்னு தோண்டுவாங்க. அடுத்தது என்ன வரும்னு பதினோரு வருசமா ஒருத்தர் மூளைய இன்னொருத்தர் தொரத்திட்டே இருந்திருக்காங்க. இவ்வளவு உன்னிப்பாக் கேட்டுக்கற புருசன் பொண்டாட்டியக்கூட நான் பாத்ததில்லை.”

ஹேமலதா துணிக்கடைப் புடவையிலேயே வந்திருந்தாள். ஒப்பணக்கார வீதியில் ஒரு பெரிய கடையில் பட்டுப் பிரிவு அவள் பொறுப்பு. கோகிலவாணி பக்கம் திரும்பாமல் பர்வீனிடம் கேட்டாள்.

“குடுத்த ஏணி முழுசாத் திரும்பி வந்துருமுங்களா?”

“வந்துருமுங்க. ஒரே வார்த்தைய லட்சம் தடவை சொன்னா அந்தப் படி மட்டும் இங்கயே ஒட்டிக்கும், உங்களுக்கு அந்த வார்த்தை திரும்ப வராது. ஆனா யாருங்க உக்காந்து ஒரே வார்த்தைய லட்சம் தடவை சொல்லப் போறாங்க?”

“அப்பச் சரிங்க. குடுக்கறேன்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்லை.”

“யோசிக்க என்னங்க இருக்குது. எதுத்தாப்புல ஆள் இல்லாம எட்டு மாசமா வாய் புளிச்சுக் கெடக்குது.”

முதல் நாள் இணைப்பு மாலை ஏழு மணிக்கு. தங்கவேல் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, மகளுக்கு அனுப்புவதற்காகப் போனைப் பிடித்துக்கொண்டு மனைவியின் எதிரே உட்கார்ந்தார். எட்டு மாதம் கழித்து அவள் தன்னைத்தான் முதலில் கூப்பிடுவாள் என்று ஒரு மனிதர் எதிர்பார்ப்பதில் தப்பில்லை. கோகிலவாணி வாயைத் திறந்தாள். ‘அதாவது’ வரவில்லை. அந்த இடம் காலியாக, பெருக்கிவிட்ட வாசல் மாதிரி இருந்தது. அவள் பார்வை கணவரைத் தாண்டி, கதவைத் தாண்டி, மாடிப்படியில் போய் நின்றது.

“ஏப்பா துடைப்பான், நடுப்படியில கெடக்குற அந்தச் செருப்ப எந்த மியூசியத்துக்கு அனுப்பறாங்களாமா? வெளக்கேத்தி அழகு பாக்காத கொறைதான்.”

குரல் அவளுடையது. கட்டுமானம் அவளுடையது இல்லை. மியூசியம் என்ற வார்த்தையை அவள் வாழ்நாளில் உபயோகித்ததில்லை.

மேல்படியில் நின்றிருந்த ஹேமலதா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். “அது... அந்த... காலுக்கு...” என்று கையை ஆட்டினாள். உதடு அசைந்தது, ஒன்றும் ஏறவில்லை. தன் எட்டு மாதத்தை இன்னொரு முகத்தில் பார்த்த கோகிலவாணி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். ஏணி திரும்பிப் போனது.

“மியூசியத்துல வெக்கற அளவுக்குப் பழைய சாமானெல்லாம் கீழ்வீட்டுலதான் இருக்குது துடைப்பான்” என்றாள் ஹேமலதா. சொல்லிவிட்டு அவளும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பதினோரு வருடத்தில் ஒருத்தி முடிக்கும்வரை இன்னொருத்தி பொறுத்திருந்தது அதுதான் முதல் தடவை.

“படிகளில் ஏறும் வசதி எனக்கு இல்லை” என்றது துடைப்பான்.

தங்கவேல் போனைப் பிடித்தபடியே அழுதார். மகளுக்குப் போய்ச் சேர்ந்த வீடியோவில் பாதி அவர் மூக்குறிஞ்சும் சத்தம்.

காலை எட்டு முதல் ஒன்பது, மதியம் இரண்டு முதல் மூன்று, மாலை ஏழு முதல் எட்டு என்று நேரம் வகுத்தார்கள். காலையும் மாலையும் ஹேமலதா வீட்டில் இருப்பாள். மதியம் கடை. அந்த ஒரு மணி நேரம் அவள் பட்டுப் புடவையை விரித்துப் போட்டுவிட்டு, “இது பாருங்க, இந்த... ஓரத்துல... இப்படி...” என்று விரலால் தடவிக்காட்டிவிட்டு நின்றுவிடுவாள். வேலை போய்விடும் என்று பயந்தாள். மாதக் கடைசியில் மேலாளர் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். மதியம் இரண்டிலிருந்து மூன்றுக்குள் அவள் விற்பதுதான் கடையிலேயே அதிகமாம். புடவையைப் பார்த்து விற்பனைப் பெண்ணுக்கே வாயடைத்துப் போகிறது என்றால் அது அசல் பட்டாகத்தான் இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

கோகிலவாணி மதியங்களில் தனியாக உட்கார்ந்து பழகினாள். பர்வீன் கொடுத்த பலகையில் படங்கள் வரும், பெயர் சொல்ல வேண்டும். குடை, பூட்டு, முருங்கைக்காய். மூன்று வாரத்தில் இருநூறு வார்த்தைகள் ஏணி இல்லாத நேரத்திலும் தாமாக வந்தன. கணவரை “ஏனுங்க” என்று கூப்பிட வந்தது. அவர் அன்று முழுவதும் பக்கத்து அறையில் இருந்துகொண்டு கூப்பிடச் சொன்னார்.

இருபத்திரண்டாம் நாள் பலகையில் குடும்பப் படங்கள் வந்தன. மகள் அனுப்பிவைத்த கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தவை. ‘இவர் யார்?’ என்று பலகை கேட்டது. மகளைச் சொன்னாள். மாப்பிள்ளையைச் சொன்னாள். கொழுந்தன் மோகனைச் சொன்னாள். அடுத்து, கூட்டத்தின் ஓரத்தில் பச்சைப் புடவையில் ஹேமலதா.

“மலடி” என்றாள் கோகிலவாணி.

சொன்னவள் பலகையைக் கவிழ்த்துவைத்தாள். அறையில் துடைப்பான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையை அவள் யாரையும் சொன்னதில்லை. ஜாடைக்குக்கூட எடுத்ததில்லை, அவள் ஏசுவதற்கும் ஒரு எல்லை இருந்தது. பலகையை நிமிர்த்தி மறுபடி முயன்றாள். ‘ஹேமா’வைத் தேடிக் கை நீட்டினால் அதற்கு முன்னால் இதுதான் வந்து நின்றது. பர்வீன் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. கைக்கு வருவதெல்லாம் அவள் வீட்டுச் சாமான். பரணின் விளிம்பிலேயே, கை பட்டுப் பட்டுத் தேய்ந்துபோய், ஹேமலதா தன் பெயருக்கு முன்னால் வைத்திருந்த சாமான்.

அந்தப் பச்சைப் புடவை நாள் கோகிலவாணிக்கு நினைவிருந்தது. மகள் கல்யாணம். அதற்கு இருபது நாள் முன்புதான் ஹேமலதாவுக்கு மூன்றாவது தடவையாகக் கரு கலைந்திருந்தது. ஆரத்தி எடுக்க அவள் தட்டைத் தூக்கினாள், கோகிலவாணி ஏதோ சொன்னாள், ஹேமலதா தட்டைக் கீழே வைத்தாள். பேச்சு நின்றது அன்றிலிருந்து. ஏன் நின்றது என்று கோகிலவாணி யாரையும் கேட்டதில்லை. அந்த வீட்டில் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை.

அன்று மாலை ஏழு மணிக்கு அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். நான்கு படி மேலே ஹேமலதா.

“ஹேமா.”

ஹேமலதா முதலில் துடைப்பானைத்தான் தேடினாள். அது கீழே மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு ஆரத்தி எடுக்கறப்ப நான் என்ன சொன்னேன்?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஹேமலதாவுக்கு ஏணி திரும்பியது.

“‘நீ உக்காந்துக்கோ ஹேமா, உனக்கு முடியல, சுமதி எடுக்கட்டும்’னீங்க.” ஒரு எழுத்து சிந்தாமல் வைத்திருந்தாள்.

“உனக்குக் காச்சல். கைய தொட்டேன், கொதிச்சுது. தட்டு நடுங்கிட்டு இருந்துச்சு.”

“அதுக்கா சொன்னீங்க?”

“அதுக்குத்தான்.”

“எதுத்த வீட்டுச் சுமதிக்கு ரெண்டு கொழந்தைங்க. நீங்க அவ பேரச் சொன்னதும் நான் புரிஞ்சுக்கிட்டேன்.”

“அவ பக்கத்துல நின்னா. வேற ஒண்ணுமில்ல.”

ஹேமலதா கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தாள். “நம்ம வீட்டுல யாருங்க்கா நேரா பேசியிருக்காங்க? நான் மட்டும் எப்புடி நேரா எடுத்துக்கறது?”

கோகிலவாணி வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உள்ளே ஒன்றும் வைக்காமல் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தாள். அதைத் தோண்டிப் பார்க்காமல் விடுகிற ஆளிடமா சொல்லியிருந்தாள்.

“பதினோரு வருசம் தண்டமாப் போச்சுங்க்கா” என்றாள் ஹேமலதா கடைசியில்.

“தண்டமில்ல. தொண்ணூத்தி நாலு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரே நேரத்தில் சிரிக்க முடிந்தது. சிரிப்புக்கு ஏணி தேவைப்படவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் கோகிலவாணி நினைத்தாள். மறுநாள் மதியம் பலகையில் அதே படம் வந்தது. மனதைத் தயார் செய்துகொண்டு ‘ஹேமா’ என்று சொல்லப் போனாள். அதற்கு முன்னால் அந்த வார்த்தையே வந்து நின்றது, நேற்றைக்கு நின்ற அதே இடத்தில், அதே பளபளப்போடு. வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. எழுதிவைத்த தீர்ப்பை மட்டும் யாரும் கழற்றவில்லை. கோகிலவாணி சொல்லாததை ஹேமலதா தனக்குத்தானே பதினோரு வருடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். சமையலறையில், பஸ்ஸில், வளைகாப்புப் புடவைகளை விரித்துக் காட்டும்போது. இனி யார் வந்து விளக்கம் சொன்னாலும் அதற்குக் காது கிடையாது.

கோகிலவாணி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். தொண்ணூறில் அறுபத்தெட்டு நாள் பாக்கி. நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு தடவை வீதம் போட்டால் பர்வீன் சொன்ன லட்சத்தைத் தாண்டும். அவள் பலகையை ஒதுக்கிவைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

முதல் நாள் நூறு தடவைக்கு மேல் முடியவில்லை. சொல்லச் சொல்ல நாக்கு கூசியது. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். ஒரு வாரத்தில் கூச்சம் போய் வெறும் வேலையாகிவிட்டது, மாவு ஆட்டுவது போல, துணி கும்முவது போல. மூன்றாவது வாரத்தில் அதில் அர்த்தமே மிஞ்சவில்லை, ‘ம’வும் ‘ல’வும் ‘டி’யும்தான் போய்வந்துகொண்டிருந்தன. துடைப்பான் ஒற்றைப்படைத் தேதிகளில் “மன்னிக்கவும், கட்டளை புரியவில்லை” என்று சொல்லிக்கொண்டே அவளைச் சுற்றிவந்தது. ஒருநாள், “இந்தச் சொல்லை நீங்கள் அடிக்கடி பயன்படுத்துகிறீர்கள். புதிய கட்டளையாகச் சேர்க்கவா?” என்று பணிவாகக் கேட்டது.

“வேண்டாம்” என்றாள் கோகிலவாணி. அது அவள் சொந்தமாகக் கட்டிய படியிலிருந்து வந்த வார்த்தை.

பர்வீனுக்குப் பிடிபடவில்லை. மேசை மேல் கோட்டுப்படத்தை விரித்துவைத்தாள். “காலையும் சாயங்காலமும் நல்லா ஏறுதுங்கம்மா. மத்தியானம் மட்டும் சித்தெகூட நகரலை. இந்நேரம் தொள்ளாயிரம் வந்திருக்கோணும், நானூறுலயே நிக்குது. அந்த ஒரு மணி நேரம் என்னதான் பண்றீங்க?”

“தூக்கம்.”

“தூங்கறதுக்கு வேற நேரமே இல்லைங்களா? தொண்ணூறு நாள் போனா இந்த ஏணி மறுபடி கெடைக்காதுங்க. இப்ப வர்ற வார்த்தைதான் உங்களுக்கு ஆயுசுக்கும்.”

கோகிலவாணிக்கு அது நன்றாகவே தெரியும். ஒவ்வொரு மதியமும் எத்தனை வார்த்தை கைநழுவுகிறது என்று அவளே மனதுக்குள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கொத்தமல்லி போனது. நெதர்லாந்து போனது. கணவர் பட்டறையில் செய்கிற வேலையின் பெயர் போனது. மகள் சின்ன வயதில் போட்ட ஒரு சண்டையை அவளுக்கே திரும்பச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தாள், அதற்கு வேண்டிய நீளமான வாக்கியங்கள் போயின. வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு அழுகை வந்தது. பர்வீன் கண்டித்ததால்தான் என்று தங்கவேல் நினைத்து இளநீர் வாங்கிக்கொடுத்தார். மறுநாள் இரண்டு மணிக்கு அவள் கதவைச் சாத்தினாள்.

தொண்ணூறாம் நாள் பொத்தான்களைக் கழற்றினார்கள். கோகிலவாணிக்குத் தேறியது அறுநூற்றுச் சொச்சம் வார்த்தைகள், குட்டை வாக்கியங்கள், இடையிடையே நீண்ட தேடல். இந்தச் சிகிச்சையில் இதுவரை வந்தவற்றில் மிகக் குறைவு என்று பர்வீன் வருத்தத்தோடு எழுதிக்கொண்டாள். ஹேமலதாவுக்கு நூற்றிருபது படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். யானை, கத்தரிக்கோல், ரயில். ஒன்றுகூடப் பிசகவில்லை. “குடுத்தது முழுசா வந்துருச்சுங்க” என்று பர்வீன் கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓரகத்திகள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு கஜப் புடவையை ஒற்றை ஆளாக மடித்தால் தரையில் புரளும். ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்து உதறினார்கள்.

“நேத்துக் கடையில ஒரு கூத்துங்க்கா” என்றாள் ஹேமலதா. “மகளுக்குச் சீமந்தப் புடவை எடுக்க ஒரு அம்மா வந்துச்சு. எடுத்து முடிச்சிட்டு, உனக்கு எத்தனை கொழந்தைங்கம்மான்னு கேட்டுச்சு.”

கோகிலவாணி புடவை முனையை இறுக்கிப் பிடித்தாள். “நீ?”

“இல்லீங்கன்னேன். எப்பவும் சொல்றதுதான். ஆனா எப்பவும் இல்லீங்கன்னு வெளிய சொன்னதும் உள்ளுக்குள்ள ஒரு வார்த்தை வந்து சுருக்குன்னு குத்தும். பழகிப்போச்சு, வரும்னு தெரியும், பல்லக் கடிச்சிட்டு நிப்பேன். நேத்தும் நின்னேன். வர்லீங்க்கா.” அவள் முகத்தில் வேதனை இல்லை, சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிப்பவளின் குழப்பம்தான் இருந்தது. “வீட்டுக்கு வர்ற வரைக்கும் யோசிச்சேன். என்ன வார்த்தைன்னே தெரியலை. நாக்கு நுனியிலகூட இல்ல. தினம் சொல்லிட்டு இருந்தது, எப்புடிங்க்கா மறக்கும்? ஒருவேளை உங்க பக்கம் வந்திருச்சாட்ட இருக்குது. உங்களுக்கு ஞாபகம் வருதான்னு பாருங்களேன்.”

கோகிலவாணியிடம் இருந்த அறுநூற்றுச் சொச்சம் வார்த்தைகளில் தடுமாறாமல், தேடாமல், கேட்ட மாத்திரத்தில் வருவது ஒன்றே ஒன்றுதான். அது இப்போது நாக்கின் மேலேயே, திருத்தமாக, மழமழவென்று உட்கார்ந்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள். கண்ணைச் சுருக்கினாள். உதட்டை இப்படியும் அப்படியும் குவித்துப் பார்த்தாள். வார்த்தை கிடைக்காதபோது ஒரு முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது.

“ம்ஹும்” என்றாள். “வரல ஹேமா.”

“எந்த எழுத்துல ஆரம்பிக்குதுன்னாவது?”

தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

ஹேமலதாவுக்கு மனசு கேட்கவில்லை. மடித்த புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து, ஓரகத்தியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“சரி விடுங்க்கா, வருத்திக்காதீங்க. ஒரு வார்த்தைதானே, போனாப் போகுது.”